அரண்மனையில் பால் காய்ச்சியது

ஹீட்டர் திருத்தப் போன அரண்மனையில் காலை ஒன்பதே காலுக்குக் கொடி ஏறியது. கொடி பறந்தால் அரசர் வீட்டில் இருக்கிறார் என்று பொருள். உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன்.

லண்டனில் இதெல்லாம் நடக்கும். ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கதவு திறக்கவில்லை.

கொடி அதிகாரி பெம்பர்ட்டன் வந்து குனிந்து வணங்கினார்.

"நீங்கள் வெளியே போக முடியாது. வீட்டில் இருக்கிறீர்கள்."

"என் வீடு ஈஸ்ட்ஹாமில் இருக்கிறது."

"அதன் மேல் கொடி பறக்கிறதா?"

"துணி காயும்."

"என்ன நிறம்?"

"பல நிறம்."

யோசித்தார். "போதாது" என்றார்.

எனக்குப் பதறியது. பன்னிரண்டு வருஷம் வாடகை அறைகளில் இருந்துவிட்டு அன்றுதான் சொந்த வீட்டுக்குக் குடிபோகிறோம். பதினொன்று நாற்பதுக்குப் பால் காய்ச்ச வேண்டும்.

பின்வாசலுக்கு நடந்தேன். நடக்க நடக்கக் கூடம் நீண்டது. படங்களில் இருந்த ராணிகள் "இடப்பக்கம்" என்றார்கள். இடப்பக்கம் போனேன். பெம்பர்ட்டன் நின்றார்.

"அரண்மனைக்கு உங்களைப் பிடித்துவிட்டது. எல்லாரும் வந்து வாசலில் படம் எடுக்கிறார்கள். யாரும் தங்குவதில்லை."

பக்கத்துச் சுவர் மூக்கை உறிஞ்சியது.

என் மனைவி நிலோஜினி போன் செய்தாள்.

"என்னப்பா, எங்க நிக்கிறியள்? நேரம் போகுது."

"அரண்மனை விடுகுதில்லை. தனிய இருக்குதாம்."

"அங்க பால் காய்ச்சினவையோ?"

பெம்பர்ட்டனைக் கேட்டேன். கட்டிய நாளிலிருந்து ஒருவரும் காய்ச்சவில்லையாம்.

"பிறகு எப்பிடி ஆக்கள் தங்குவினம்?" என்றாள்.

பதினொன்றரைக்கு அடுப்பும் பானையுமாக வந்தாள். பின்னால் அவள் அண்ணன் குடும்பம். காவலர்கள் துப்பாக்கிகளைச் சாய்த்துவிட்டு எல்லாருடைய செருப்புகளையும் ஜோடி சேர்த்து வைத்தார்கள்.

சிம்மாசனத்தின் முன்னால் அடுப்பு எரிந்தது. பால் பொங்கிக் கம்பளத்தில் வழிந்தது. அரண்மனை பெருமூச்சு விட்டது. எல்லா அறைகளிலும் விளக்கு எரிந்தது. கொடி தானாக இறங்கியது.

பெம்பர்ட்டன் ஒரு கப் குடித்தார். "சர்க்கரை சரி" என்று குறித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. வெளியே வேறு மூன்று அரண்மனைகள் வந்து நின்றன. ஸ்காட்லாந்திலிருந்து மலையிறங்கி வந்த ஒன்றுக்கு மூச்சு வாங்கியது.

"எங்களுக்கும்" என்றது அது.

நிலோஜினி மூன்றையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்டரைக்கும் ஒரு நல்ல நேரம் இருக்கு. முதல் எங்கட வீடு. பிறகுதான் நீங்கள்."

நாங்கள் பஸ் ஏறினோம். மூன்றும் சத்தம் போடாமல் அடுத்த பஸ்ஸுக்கு வரிசையில் நின்றன.