அருள்மேரிக்காகத் தகப்பன்

கட்டிலின் தலைமாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சவுரிமுத்து நின்றார். கால்மாட்டைப் பிடிக்க வேண்டிய அவர் மனைவி கன்னியம்மா, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"இன்னா மரம் மாதிரி நிக்கிற? பில் கலெக்டரு வர்ற நேரம். புடி."

"நான் புடிக்கல."

"இடுப்பு வலிக்குதா?"

"இடுப்பு நல்லாத்தான் கீது. இந்தத் தபா நான் காலி பண்ண மாட்டேன். வேணும்னா நீ ஒண்டியாளாத் தூக்கு."

சவுரிமுத்து ரயில்வேயில், மின்சார ரயில் பழுதுபார்க்கும் கார் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். இரும்போடு மல்லுக்கட்டிய கைதான். ஆனாலும் அந்தக் கட்டிலை ஒற்றை ஆளாக வாசலைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கட்டிலை மெல்ல இறக்கி வைத்தார்.

வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த வீட்டில் இந்தக் கூத்து நடக்கும். கிழக்குத் தாம்பரத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால், ஒரே மகள் அருள்மேரிக்கென்று ஓர் அறையும் சமையலறையுமாகச் சின்ன வீடு ஒன்று கட்டியிருந்தார். கல்யாணமானாலும் பெண் கண்ணெதிரே இருக்கட்டும் என்று பி.எஃப்.இல் லோன் போட்டுக் கட்டியது. கட்டிய சூட்டோடு செட்டில்மென்ட் பத்திரம் எழுதி, ரிஜிஸ்தர் செய்து, வீட்டு வரியையும் அவள் பேருக்கே மாற்றினார். முன் வீடு பதினாலு என்றால் பின் வீடு பதினாலு ஏ. வரி ரசீதில் மகள் பேரைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் நாலு பேருக்குக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அந்த மை காய்வதற்குள், காட்டாங்குளத்தூர்க் காலேஜ் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த அருள்மேரி, கூட வேலை பார்த்த தசரதனைக் கட்டிக்கொண்டு அவன் ஊரான படப்பைக்குப் போய்விட்டாள். மாதா கோயிலும் இல்லை, சாமியாரும் இல்லை, ரிஜிஸ்தர் கல்யாணம். பத்திரம் பதிந்த அதே கட்டடம் என்பதில் சவுரிமுத்துவுக்குக் கூடுதல் எரிச்சல்.

மாலையும் கழுத்துமாக வந்து நின்றவளைப் பார்த்து, "என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். சொன்னதை வாபஸ் வாங்கும் வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. ஆனால் அடுத்த மாதமே கொத்தனாரைக் கூட்டிவந்து, பக்கத்துச் சந்துப் பக்கம் இருந்த மதிலை இடித்து, பின் வீட்டுக்கு நேராகத் தனியாக ஒரு கேட் வைத்தார். எதற்கு என்று கன்னியம்மா கேட்டதற்கு, பத்திரத்தில் அந்தப் பக்கம்தான் வழி காட்டியிருக்கிறது, வைக்காவிட்டால் சட்டப்படி தப்பு என்றார். சட்டமாவது ஒன்றாவது. என் வாசப்படியை மிதிக்காதே என்றுதானே சொன்னேன், உனக்குத்தான் உன் வாசப்படி இருக்கிறதே, வாயேன் என்று அந்த கேட் பெண்ணிடம் சொல்லும் என அவருக்கு ஒரு நினைப்பு. படப்பையில் இருப்பவளுக்கு அது எப்படிக் கேட்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நாலு வருஷம் ஆகிவிட்டது. அந்த வழியாகத் தெருநாய்தான் வந்துபோனது.

அரையாண்டு முழுக்க ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்கு வரியில் தள்ளுபடி உண்டு என்று யாரோ சொல்ல, சவுரிமுத்து நகராட்சிக்கு மனுப் போட ஆரம்பித்தார். மனுப் போட்டால் பில் கலெக்டர் நேரில் வந்து பார்ப்பார். உள்ளே சாமான் எதுவும் இருக்கக் கூடாது. சிக்கல் அங்கேதான். அந்த வீட்டில் எல்லாச் சாமானும் இருந்தது. கட்டிலில் விரிப்பு, அலமாரியில் மாதா படம், முகம் பார்க்கும் கண்ணாடி, குடத்தில் தண்ணீர், சுவரில் அந்தந்த வருஷத்துக் காலண்டர். சனிக்கிழமை தவறாமல் கன்னியம்மா பெருக்கித் துடைத்து, பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் பிடித்து வைப்பாள். பில் கலெக்டர் வரும் நாளில் புருஷனும் பெண்டாட்டியுமாக எல்லாவற்றையும் முன் வீட்டுக்குக் கடத்துவார்கள். அவர் தலை மறைந்ததும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

மிச்சமாகிற காசு ஒன்றும் கோட்டை கட்டுகிற காசு இல்லை. மனுவை எழுத ஆளும் வைக்கமாட்டார், தானே உட்கார்ந்து எழுதுவார். 'உரிமையாளர் வெளியூரில் இருப்பதால் மேற்படி வீடு காலியாக உள்ளது' என்பது வரை மளமளவென்று போகும் பேனா, கடைசி வரியில் நிதானித்துவிடும். 'இப்படிக்கு, அருள்மேரிக்காகத் தகப்பன் சவுரிமுத்து.' அந்த வரிக்காகத்தான் மனுவே போடுகிறீர் என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவார். ஆனால் உண்மை அதுதான். அவளுக்குத் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு இடம் இல்லை.

இந்தத் தடவை நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. போன வாரம் பில் கலெக்டர் சாம்பசிவன் அவரை ஸ்டேஷன் வாசலில் பிடித்துக்கொண்டார். "வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கு? ஏர்ஃபோர்ஸ்ல ஒரு பையன், ஃபேமிலியைக் கூட்டிட்டு வரணும்னு அலையறான். நான் பாக்க வர்ற அன்னைக்கே கூட்டிட்டு வந்து காட்டிடறேன்" என்றார். காலி, காலி என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மனுஷன் என்ன பதில் சொல்ல முடியும்? "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். விட்டுவிட்டால்தான் என்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. எதிர்பார்த்து எதிர்பார்த்து மனசும் அலுத்துப்போயிருந்தது.

"குடி வெக்கறதுன்னா அவ கையெழுத்து இல்லாம முடியாது. அது பொறவு பேசிக்கலாம்," என்றார் இப்போது. "மொதல்ல இத்தத் தூக்கு. மானம் போயிடும்."

கன்னியம்மா அசையவில்லை. "நீ ஒரு தபா சொல்லி அனுப்சுட்ட. நான் வருசத்துக்கு ரெண்டு தபா என் கையால அவளத் தூக்கி வெளிய போட்டுகினு கீறேன். என்னால முடியலய்யா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சவுரிமுத்துவுக்குச் சமாளிக்கத் தெரியும். மறுபடியும் கட்டிலின் தலைமாட்டில் கை வைத்தபோது, சந்துப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது.

சாம்பசிவன் கக்கத்தில் ஃபைலோடு உள்ளே வந்தார். பின்னாலேயே ஒட்ட வெட்டிய தலையோடு ஏர்ஃபோர்ஸ் பையன். சாம்பசிவன் கட்டிலைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார், அன்றைய தேதி வரைக்கும் கிழித்திருந்தது. குடத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார்.

"என்ன சவுரிமுத்து, காலின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

அந்தப் பையனுக்கு வீடு பிடித்துவிட்டது. மூலைக்கு மூலை பார்வையால் அளந்துகொண்டே, "இந்தக் கட்டிலை எடுத்துட்டா பீரோ இங்க கரெக்டா நிக்கும் சார்" என்றான். நல்ல பையன்தான். கட்டிலை நகர்த்தினால் நகருமா என்று பார்க்க லேசாக ஒரு கை வைத்தான்.

"அத்தத் தொடாதீங்க தம்பி," என்றார் சவுரிமுத்து. "எடுக்க முடியாது. ஆளு கீது."

"யாரு?" என்றார் சாம்பசிவன்.

"ஓனரேதான். அருள்மேரி." கட்டில் விரிப்பை நீவிவிட்டார். "என் பொண்ணு."

நாலு வருஷமாக மனுவில் மட்டும் எழுதிய உறவு. இப்போதுதான் வாயால் சொன்னார். கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எப்போ வந்தாங்க?"

"வந்துட்டா சார்."

"இப்போ எங்க?"

"வெளிய போய்க்கீறா. படப்பைக்கு."

பத்து வருஷமாக அதே தெருக்களில் வரி வசூலித்துக்கொண்டிருப்பவர் சாம்பசிவன். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஃபைலைப் பிரித்து மனுவின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"அப்போ தள்ளுபடி கிடையாது. முழு வரி."

"கட்டிடறேன் சார்."

"கட்டுங்க." ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். "ஆனா இந்த வரி டிமாண்ட் நோட்டீசுல ஓனர் கையெழுத்து வேணும்." சவுரிமுத்து பேனாவுக்குக் கை நீட்டினார். சாம்பசிவன் தரவில்லை. "அவங்க ஊர்ல இல்லேன்னு சொன்னீங்க, இத்தனை நாள் நீங்க போட்டீங்க. நானும் ஒத்துக்கிட்டேன். இப்பதான் வந்துட்டாங்களே. அவங்கதான் போடணும். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறேன்." பையனின் தோளைத் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

சவுரிமுத்து நோட்டீசை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். வீடு கட்டி முடித்த நாளிலிருந்து அவர் அந்தக் கட்டிலில் உட்கார்ந்ததே இல்லை, தூக்கியதோடு சரி. நோட்டீசில் மகளின் பேர் டைப் அடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை இளைத்திருப்பாளோ என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கன்னியம்மா நின்றாள்.

"ஆபீசு வேலை. அவ கையெழுத்து வாங்கித்தான் ஆவணும்," என்றார்.

"ஆமா. ஆபீசு வேலைதான்."

"உள்ள எல்லாம் போவமாட்டேன். வாசல்ல நின்னு வாங்கினு வந்துடுவேன்."

கன்னியம்மா சட்டையை மாட்டிவிட்டுக் காலரைச் சரிசெய்தாள். "அவ வாசப்படிய மிதிக்காதன்னு சொல்லிட்டா?"

நோட்டீசை நாலாக மடிக்கப் போன சவுரிமுத்து, கசங்கிவிடும் என்று நீளவாக்கில் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். முன் வாசலுக்குப் போகாமல் சந்து கேட் வழியாக வெளியே வந்தார். தானே வைத்த கேட், அந்த வழியாக அவரே நடந்தது அதுதான் முதல் தடவை. ரயில்வே பாலம் ஏறி மேற்கே இறங்கினால் படப்பை பஸ். அவள் கதவைத் திறந்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வது, வரி என்றா, அம்மாடி என்றா என்று யோசித்துக்கொண்டே சந்து முனைக்கு வந்தவர், கீல் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

காற்றடித்தால் தானாகச் சாத்திக்கொள்ளும் கேட் அது. வீடு கட்டியபோது மிஞ்சிய அரைச் செங்கல் ஒன்றை மதிலோரத்திலிருந்து பொறுக்கிவந்து, கேட்டை அகலத் திறந்து, அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள் கன்னியம்மா.