நீளமான வரிசை

இப்திஹாலுக்கு இது இரண்டாவது தடவை. மழலையர் கல்விப் பட்டத்தின் கடைசி ஆண்டில், பாடம் நடத்திக் காட்டும் தேர்வில் போன வருஷம் தவறிவிட்டாள். இந்தத் தடவையும் போனால் கல்லூரியில் பெயரை அடித்துவிடுவார்கள். முப்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே படித்த படிப்பு. தேர்வு நடக்கவிருந்த தமன்ஹூர் ஊர்ப் பாலர் பள்ளியில் ஆயாவாக இருக்கும் வஜீஹாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள், இப்திஹால் பெட்டியில் வைத்துவிட்டுப் போன துணி வாத்துகளை எடுத்து, ஒரு பதிலுக்கு ஒரு பிஸ்கட் என்று, பாடம் முழுவதையும் பிள்ளைகளுக்கு உருவேற்றிவிட்டாள்!

மறுநாள், தேர்வு நடத்த வந்த பேராசிரியை சஃபினாஸ் குட்டி நாற்காலி ஒன்றில் பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். இப்திஹால் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்?"

"அஞ்சு வாத்து!" என்று வகுப்பே கத்தியது. "ரெண்டு தண்ணிக்குப் போச்சு, மிச்சம் மூணு!"

"மிஸ், பிஸ்கட்டு?" என்று கையை நீட்டினான் மாஸின்.

பேராசிரியையின் பேனா நின்றது. வாசலில் நின்ற வஜீஹாவுக்கு உயிரே போயிற்று. இப்திஹால் அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

பெட்டியை மூடி அலமாரிமேல் வைத்தாள். "வாத்து விஷயம் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியுது. எனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. இன்னிக்கு நம்ம வகுப்புக்கு சீஸ் ரொட்டி அதிகமா வந்திருக்கா, தாமியா வடை வச்ச ரொட்டியா?"

பைகள் திறந்தன. பாயில் இரண்டு வரிசை நீண்டது.

"தாமியாதான் அதிகம், கதவு வரைக்கும் போகுது!" என்றான் மாஸின்.

"போடா, உங்க வீட்டு ரொட்டி பெருசு, அதான்!" என்றாள் ரீதாஜ்.

"உனக்குப் பொறாமை!"

வஜீஹாவின் நாக்கு துடித்தது. எண்ணிப் பாருங்களேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. இப்திஹாலோ சம்மணமிட்டு, வாய் திறக்காமல் காத்திருந்தாள். எத்தனை நேரம்! ரீதாஜ் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஒரு சீஸ் ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாமியா ரொட்டி என்று சோடி சேர்க்க ஆரம்பித்தாள். கடைசியில் இரண்டு சீஸ் ரொட்டி சோடியில்லாமல் நின்றன.

"பாத்தியா! சீஸ்தான் அதிகம்!"

மாஸின் குனிந்து பார்த்தான். "ஆமா," என்றான்.

பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்ததும் பேராசிரியை கேட்டார். "பாடத் திட்டத்துல வாத்து எழுதியிருக்கே. நடத்தினது ரொட்டி. பிள்ளைங்களுக்கு யாரு முன்னாடியே சொல்லிக்கொடுத்தது?"

"இருக்கட்டும் மேடம், பாடம் என் பொறுப்பு."

"நான்தாம்மா!" வஜீஹா உள்ளே ஓடிவந்தாள். "இவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைத் திட்டுங்க."

"உன்னைத் திட்ட எனக்கு நேரமில்லை." பேராசிரியை தாளில் எழுதிவிட்டு இப்திஹாலைப் பார்த்தார். "திட்டத்துக்கான மார்க்கு போச்சு, அதைத் தர முடியாது. ஆனா அந்தக் குட்டி யோசிச்சப்ப நீ சும்மா இருந்தே பாரு. எனக்கே இன்னும் முழுசா வரலை அது. பாஸ்."

இப்திஹால் வஜீஹாவையும் இழுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். வஜீஹா அவள் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.