கல்லு மாதிரிக் கால்

மன உறுதி ஒன்றுதான் மனிதனை நிமிர்த்தி வைக்கிறது. முட்டுக்கொடுத்தால் எந்தத் தசையும் சோம்பேறியாகிவிடும். அமெரிக்காவின் டுலூத் நகரத்து ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர் ராய் ஹாகன் இதைப் பல வருஷங்களாக முழங்கி வருகிறார். அவருடைய அணி ஒரே ஒரு தடவை மாநில இறுதிப் போட்டிக்குப் போயிருக்கிறது, டிக்கெட் வாங்கிக்கொண்டு.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் அவர்களுடைய டிரக் பனியில் சறுக்கிக் கவிழ்ந்ததில் மகள் பிரிட்டாவுக்கு மூளையில் அடிபட்டது. அதிலிருந்து வலது கால் விறைத்து, பாதம் கீழ்நோக்கியே நிற்கிறது. வலக்கை முஷ்டி பிரிவதே இல்லை. இரவில் மாட்டிவிடச் சொல்லி, பாதத்தை நிமிர்த்தித் தாங்கும் ஒரு பிளாஸ்டிக் பிரேஸை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். மனைவி கார்லாவுக்கு இரவு வேலை. மாட்டுவது ராயின் பொறுப்பு. முட்டுக்கொடுப்பதைப் பற்றிய அவருடைய கொள்கை வீட்டுக்கும் பொருந்தும்.

"மயக்கம் குடுத்ததும் விறைப்பு விட்டுடும்," என்றார் எலும்பு டாக்டர் மெர்கடோ. "அப்ப பாதம் மேல வந்தா ஊசி, மாவுக்கட்டோட போயிடலாம். வரலைன்னா குதிகால் நாண் சுருங்கிப்போச்சுன்னு அர்த்தம். வெட்டித்தான் நீட்டணும்."

"வரும் டாக்டர். கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்க, கல்லு! எங்க டீம்ல எவனுக்கும் இப்படி இல்ல."

"அதுதாங்க வியாதியே."

ஆபரேஷன் அறையில், மயக்க மருந்து முகமூடிக்கு என்ன வாசனை என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும்.

"எது வேணும் கண்ணு?" என்றாள் நர்ஸ்.

"செர்ரி," என்றார் ராய்.

"உங்களையா மயக்கப்போறோம், கோச்?"

பிரிட்டா வாயைக் கூட்டிக் கூட்டி, "பபுள்... கம்," என்றாள்.

நாலைந்து மூச்சில் கண் செருகியது. யாரும் தொடாமலே முஷ்டி பிரிந்தது. உள்ளங்கை ரேகைகளில் அழுக்கு படிந்திருந்தது. ராய் தன் விரலை அதில் வைத்தார். விபத்துக்கு முன்னால் இருந்த அதே கை, பஞ்சு மாதிரி. அது அவர் விரலைப் பிடிக்கவில்லை. இத்தனை நாள் அவர் பலம் என்று மெச்சிக்கொண்டிருந்தது, மயங்கினால் போய்விடுகிற ஒன்று.

"போதும் கோச். முத்தம் குடுத்துட்டுக் கிளம்புங்க."

வெளியே கார்லா பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கோட்டை எடுத்து அவருக்கு இடம் விட்டாள். சற்று நேரத்தில் டாக்டர் வந்தார்.

"முழங்கால் நல்லா நீளுது. பாதம் வரல. வெட்டறேன்."

"தினம் ராத்திரி மாட்டியுமா டாக்டர்?" என்றாள் கார்லா.

டாக்டர் ராயைப் பார்த்தார். ராய் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"வீட்ல இருக்குற பிரேஸை எடுத்துட்டு வாங்க. அளவு திருத்தணும்," என்றார் டாக்டர்.

"எங்க வச்சிருக்க, ராய்?"

அது ஹாக்கி மைதானத்தில் அவருடைய அறையில் இருந்தது. விசில்களை அதில்தான் போட்டு வைத்திருந்தார்.