பிடிமானம் இல்லாமல்

வாண்டு யாரும் பிடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தால் சேர்த்துக்கொள்வதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அடுத்த ஆண்டு சேர்க்கும் வயது தாண்டிவிடும். பிறவியிலேயே மூளைவாதம். வாய் ஊரை விற்கும், இடுப்புதான் நிற்காது. அதனால் அவளுடைய அப்பா, தையல்காரர், மதியத்தில் கடையைச் சாத்திவிட்டு அவளைப் பெரிய ரப்பர் பந்தின்மேல் உட்காரவைத்து, வயிற்றை இறுக்கச் சொல்லிப் பழக்கினார். கொஞ்ச நாளாக அவள் விழாமல் உட்காருகிறாள். அதைக் காட்டத்தான் பயிற்சி மையத்துக்கு வந்திருந்தார்கள்.

"வாங்க மகாராணி, யானைமேல ஏறுங்க," என்றார் பயிற்சி கொடுக்கும் அம்மா.

"இது பந்து. அதுகூடத் தெரியலையா உங்களுக்கு?"

அப்பா சிரித்தபடி அவளுக்குப் பின்னால் மண்டியிட்டார். வாண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

"சரி, இப்ப கையை எடுங்க."

"எப்பவோ எடுத்துட்டேனே மேடம்."

அந்த அம்மா சுற்றி வந்து பார்த்தார். கவுனின் முதுகுத்துணி அப்பாவின் இரண்டு விரல்களுக்கு நடுவே இருந்தது. நாளெல்லாம் துணி பிடிக்கும் விரல்கள். பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

"வீட்லயும் இப்படித்தானா?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

தையல்காரர் தன் கையைப் பார்த்தார். விரல்களைப் பிரித்தார். வாண்டு அப்படியே பின்னால் சரிந்தாள். அந்த அம்மா தாங்கிக்கொண்டார்.

"துணியிலயே சாய்ஞ்சு பழகிட்டா. வயித்துத் தசை வேலையே செய்யலை. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"அப்போ பள்ளிக்கூடம்?"

"இந்த வருஷம் முடியாதுண்ணா. பொய் சொல்லி அனுப்பினா அங்க விழுவா."

வராந்தா பெஞ்சில் மகளை உட்காரவைத்து, முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"அப்பா, எப்போ ஸ்கூல்?"

அவருக்கு மறைவாகப் போய் அழவும் வழியில்லை. கையை எடுத்தால் விழுந்துவிடுவாள்.

பக்கத்தில், மீசை அரும்பிய மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் காத்திருந்தாள். அவள் மகனோடு நகர்ந்து வந்து, வாண்டுவின் முதுகில் இன்னொரு கையை வைத்தாள்.

"போய் முகம் கழுவிட்டு வாங்கண்ணா. நான் பிடிச்சுக்கிறேன்."

"உங்க பையன் தனியா உட்கார்றானாம்மா?"

"இல்லண்ணா. நீங்க போங்க."

குழாயடியில் வெகுநேரம் நின்றார். மகளுக்காகக் கடவுளிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கை வலிக்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.