முதலாளி வாய் திறக்கவில்லை

விடிவதற்குள் உப்புத் தண்ணீரில் முழங்கை வரை இறங்கிவிடுவோம். ஊறிய முட்டைக்கோஸைப் பிழிந்து, இதழ் இதழாக விரித்து, மிளகாய் விழுதைத் தேய்க்க வேண்டும். கையுறை கிழிந்திருக்கும். பனியில் மரத்த விரல், விழுது பட்டதும் எரியும். இப்படி நாங்கள் போடும் கிம்ச்சி ஊறுகாய்தான் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறது.

முதலாளி பியோ, உடம்பு என்பது தனக்கு மட்டுமே உண்டு என்று நினைக்கிற பிறவி. ஒரு தும்மலுக்கே காரில் சியோல் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறப்பார். நாங்கள் போனால் மறுநாள் வேலை இல்லை. தொற்றுநோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சுகாதார அதிகாரி வந்து கிடங்கைப் பூட்டிவிடுவாராம்.

அன்று கும்ரே அக்காவின் கண் மஞ்சளாக இருந்தது.

"காமாலை மாதிரி இருக்குக்கா."

"வாய மூடுடி. வேலை போச்சுன்னா எம்புள்ள எதைத் திங்கும்?"

அவள்தான் எங்களில் மூத்தவள். தினமும் விழுது தேய்த்த முதல் கோஸ் இலையைச் சுருட்டி, ருசி பார்க்க முதலாளிக்கு ஊட்டுவாள். அவர் சப்புக்கொட்டிய பிறகே லாரி கிளம்பும்.

பியோ வந்தார். நான் அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன். "அக்காவுக்குக் காமாலை. ஆஸ்பத்திரிக்கு விடுங்க முதலாளி."

"காமாலையாவது கீமாலையாவது! இஞ்சித் தண்ணியக் குடிச்சிட்டு வேலையப் பாரு."

அக்கா வழக்கப்படி இலையைச் சுருட்டி நீட்டினாள். பியோ இரண்டடி பின்வாங்கி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு வேணாம். லாரிய எடுக்கச் சொல்லு."

இத்தனை வருஷம் நாங்கள் ஊட்டிய வாய் அது. இரக்கத்துக்காக அது ஒருநாளும் திறந்ததில்லை. இப்போது ஓர் இலைக்கும் திறக்கவில்லை. தூ!

"உங்க வாய்க்கு ஆகாதது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வாய்க்கு ஆகுமா?" என்றேன்.

அக்கா கையிலிருந்த இலையையே பார்த்தாள். "எம்புள்ளையும் அங்கதானே திங்குது..." என்றாள். இலையைக் கீழே போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"வாசலத் தாண்டினவ திரும்ப வராத!" என்று பியோ கத்தினார்.

நாங்கள் எல்லோருமே கையுறையைக் கழற்றினோம். லாரி ஓட்டும் கில்டே சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வண்டி நகராது முதலாளி. வேணும்னா நீங்களே தின்னு தீத்துக்குங்க" என்றான்.

அரசாங்கச் சுகாதார நிலையம் வரை மிளகாய் வாடையோடு நடந்தோம். நாளைக்கு எங்களுக்கு வாசல் திறக்குமா என்று யாருக்கும் தெரியாது. அக்கா நடுங்கினாள். ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டோம்.

நர்ஸ் மிரண்டு போனாள். "இவ்வளவு பேரா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். பின்னால் எல்லோரும் சுருட்டினார்கள்.

"எங்க எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாரும்மா" என்றேன். "ஊருக்கே சோறு போடுற கை இது."