பதினான்காம் கட்டம்

சிரித்த முகத்தோடு படலையைத் திறப்பவர்களை மயில்வாகனம் நம்புவதில்லை. காப்புறுதி முகவர் சாரங்கா சிரித்த முகத்தோடுதான் வந்தாள். ஸ்கூட்டியை வேம்பின்கீழ் விட்டு, பையிலிருந்து நான்கு பக்கப் படிவத்தை எடுத்தபோதும் அந்தச் சிரிப்புக் குறையவில்லை. இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று முடிவெடுத்த பிறகே அவர் அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

அவருக்கும் வேறு வழியில்லை. தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்கும் ஓட்டம் அவருடைய வான் வண்டிக்குக் கிடைத்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான். முழுக் காப்புறுதிச் சான்றிதழ் அன்று பின்னேரம் நான்கு மணிக்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரவேண்டும். தவறினால் ஓட்டம் அடுத்த ஒழுங்கைக் கோகுலனுக்கு. கோகுலன் காலையிலேயே தன்னுடைய வானைக் கழுவியிருந்தான். அதைத் தற்செயல் என்று நம்பவும் மயில்வாகனம் தயாரில்லை. இப்போது மணி இரண்டரை.

"என்னட்ட இன்சூரன்ஸ் இருக்குத்தானே, பிள்ளை?" என்று முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார்.

"அது தேர்ட் பார்ட்டி, அங்கிள். நீங்கள் ஆரையும் இடிச்சா அந்த ஆளுக்குக் கொம்பனி குடுக்கும். உங்கட வானுக்கு ஒண்டும் வராது."

"நான் கட்டுற காசு, நான் முன்பின் அறியாத ஒருத்தனுக்கு?"

"ஓம்."

"அவன் ஆரெண்டு கொம்பனிக்குத் தெரியுமோ?"

"இடிச்சாப் பிறகுதான் அங்கிள் தெரியும்."

ஆறு வருடமாகத் தான் கட்டிவந்தது கோகுலனுக்காகவும் இருக்கலாம் என்பது மயில்வாகனத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஃபுல் இன்சூரன்ஸ் எண்டா, இடிபட்ட ஆளுக்கும் குடுக்கும், உங்கட வானுக்கும் குடுக்கும். பிழை உங்களில எண்டாலும் குடுக்கும். களவு, நெருப்பும் அதுக்குள்ள அடக்கம். வெள்ளமும், வானில இருக்கிற பிள்ளையளுக்குக் காயம் வந்தாக் குடுக்கிறதும் தனியாச் சேர்க்கோணும்."

"பிழை என்னில எண்டாலும் குடுப்பாங்களோ?"

"ஓம் அங்கிள்."

"பிழை செய்தவனுக்குக் காசு குடுக்கிற ஆக்கள்," என்றார் மயில்வாகனம் மெதுவாக. கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்.

சாரங்கா படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். வாகனம் இரவில் எங்கே நிற்கும்? உங்களைத் தவிர யார் ஓட்டுவார்கள்? அவர்களுடைய முழுப்பெயர்? அடையாள அட்டை இலக்கம்? இந்தக் கேள்விகளை அவரிடம் முன்பும் கேட்டிருக்கிறார்கள். அப்போது சீருடையில் வந்து கேட்டவர்கள் எதையும் விற்கவில்லை.

"இதுக்கு முதல் வாகனம் ஏதும் இழந்திருக்கிறீங்களோ?"

"ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின்."

"களவோ, நெருப்போ, விபத்தோ?"

"சண்டைக்குள்ள விட்டிட்டு வந்தனாங்கள்."

"எங்க?"

"எல்லாரும் விட்ட இடத்தில."

சாரங்கா பேனை நுனியால் வரிவரியாகத் தேடினாள். அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை. 'இல்லை' என்று எழுதினாள். அவள் எழுதியதை அவர் தலைகீழாக வாசித்துக்கொண்டார்.

"அடுத்தது பதினாலாவது கட்டம் அங்கிள். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம். அதுகளால சேதம் வந்தாலும் குடுக்கிறது. வேணுமெண்டாச் சரி போடோணும்."

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி இரஞ்சிதம் துருவுவதை நிறுத்தினார்.

"பிள்ளை, நான் இதில சரி போட்டா, நாளைக்கு ஒருத்தன் வந்து, 'இது வருமெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?' எண்டு கேப்பான்."

"அப்ப போடாமல் விடுங்கோ."

"விட்டா, 'வராதெண்டு எப்பிடித் தெரியும்?' எண்டு கேப்பான்."

வாடிக்கையாளர் சொல்லக்கூடிய பதினெட்டு மறுப்புகளுக்குப் பயிற்சி வகுப்பில் சாரங்காவுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இது பத்தொன்பதாவது.

மயில்வாகனம் ஒரு கொப்பித்தாளைக் கிழித்து, 'மேற்படி கட்டத்தில் சரி போட்டது முகவரின் சொற்படியே. வாகன உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதி நீட்டினார். "இதில ஒரு கையெழுத்து வையும். நான் அதில போடுறன்."

சாரங்கா இரண்டு தரம் வாசித்தாள். "நான் வைக்கமாட்டன் அங்கிள்."

"ஏன்?"

"நாளைக்கு வந்து என்னைக் கேட்டா?"

மயில்வாகனம் முதல்தடவையாக அவளை மரியாதையோடு பார்த்தார்.

மணி மூன்றேகால். ஒழுங்கையில் கோகுலனின் வான் இயங்கும் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ," என்றார் இரஞ்சிதம் குசினி வாசலில் நின்று, "அவன் அங்க வெளிக்கிட்டிட்டான். நீங்கள் இருந்து ஆறுதலா விசாரணையை முடியுங்கோ."

"கொஞ்சம் பொறுமப்பா. பிள்ளை, உம்மட ஸ்கூட்டிக்கு இந்தக் கட்டத்தில சரி போட்டனீரோ?"

சாரங்கா படலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இல்லை அங்கிள். என்னட்ட இன்சூரன்ஸ் செய்த ஆக்களில ஒருத்தரும் போடேல்லை. வன்னியில இது ஏன் விலைப்படேல்லை எண்டு கொழும்பில இருந்து ஒரு பெரியவர் வந்து கூட்டம் வச்சவர்."

"என்ன சொன்னனீங்கள்?"

"சனத்துக்குச் சமாதானத்தில நல்ல நம்பிக்கை எண்டு சொன்னம்."

"நம்பினவரோ?"

"எழுதிக்கொண்டு போனவர்."

மயில்வாகனம் கொப்பித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "விடும். அது வந்தா நாங்கள் வானையோ தேடப்போறம்? வெள்ளத்துக்கும் வானில வாற பிள்ளையளுக்கும் போடும். குளம் உடைச்சா ஒருத்தரும் வந்து என்னை விசாரிக்க மாட்டாங்கள்."

கையெழுத்து வைத்தார். இனிப் படம் மட்டும்தான் பாக்கி. உரிமையாளர் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வானுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றாள் சாரங்கா.

"அப்ப நீரும் வந்து நில்லும்."

அவள் தர்க்கம் பண்ணவில்லை. கைபேசியை இரஞ்சிதத்திடம் கொடுத்துவிட்டு வானின் மற்றப் பக்கம் போய் நின்றாள். "கொஞ்சம் சிரியுங்கோவன்," என்றார் இரஞ்சிதம். இருவரும் நேரே பார்த்தார்கள்.

மூன்று நாற்பதுக்குச் சான்றிதழ் கைபேசிக்கு வந்தது. சாரங்கா அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் பதில்: 'கிடைத்தது. நாளை காலை ஐந்தரைக்கு வானைக் கொண்டுவரவும்.'

இரஞ்சிதம் தேத்தண்ணி போட உள்ளே ஓடினார். சாரங்கா ஹெல்மெட்டை எடுத்தாள். மயில்வாகனம் மட்டும் அந்தச் செய்தியை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் வாசித்தார்.

"பிள்ளை, போகாதையும். இவ்வளவு கெதியா ஏன் தந்தவங்கள்?"