சுவர்க்கடிகாரத்தைத் திருத்தியவர்

சின்ச்சு நகர ஆய்வுக்கூடத்தில் ஒவ்வோர் இயந்திரத்தின் தலைமேலும் ஒரு பச்சைத் தின்பண்டப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் இயந்திரம் அடங்கி நடக்குமாம்; பொட்டலம் மட்டும் தேதி தாண்டிவிடக் கூடாது. அங்கே பொறியாளரான பெய்-யூ உருவாக்கிய, வேளை தவறாமல் மணியடித்து மாத்திரையை நினைவூட்டும் மருந்துப்பெட்டிகளுக்கும் அவள் உதவியாளன் குவோ-வெய் தவறாமல் பொட்டலம் மாற்றினான். சார்ஜ் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் படித்தவர்கள், வேறென்ன சொல்ல!

ஒயர் இருக்கும்வரை பெட்டி தூங்காது. பிடுங்கினால், பேட்டரியை மிச்சம்பிடிக்க அவ்வப்போது குட்டித் தூக்கம் போடும். நேரத்தை எண்ணுவதற்கு பெய்-யூ தேர்ந்தெடுத்திருந்ததோ, பெட்டி தூங்கினால் தானும் நின்றுவிடுகிற கடிகாரம். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணும். தூங்கிய நேரம் கணக்கிலேயே வராது.

முதல் பெட்டியைத் தைனான் ஊரில் தனியாக இருந்த அப்பாவுக்குத்தான் கொடுத்தாள். வலிப்பு மாத்திரை நேரம் தப்பவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"ஒயரைப் பிடுங்கிட்டேன்மா. கரண்ட் என்ன ஆத்துலயா வருது?" என்றார் அப்பா போனில். அவளும் சிரித்துவிட்டாள், பாவி.

வலிப்பு வந்து விழுந்த அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய மறுநாள், அவருக்கு உடுத்தத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு லியாவ் அத்தையும் கூட வந்தாள். அப்போது குவோ-வெய் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, ஒயரைப் பிடுங்கிப் பாத்தேன். பெட்டி பின்தங்குது. நாம கவனிக்காம விட்டுட்டோம்."

"நாம இல்லடா. நான்."

"வீட்ல வேற கடிகாரமே இல்லையா? அதைப் பாத்திருப்பாரே..."

பெய்-யூ நிமிர்ந்தாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுவர்க்கடிகாரம் நடுப்பகலைக் காட்டியபடி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"அதுவா?" என்றாள் அத்தை. "கொஞ்ச நாளா தினமும் நாற்காலி போட்டு ஏறி, முள்ளைப் பின்னாடி திருப்பிட்டிருந்தாரு. 'விழுந்து தொலைக்காதீங்க அண்ணே'ன்னு திட்டினேன். 'பழசு, முந்தி ஓடுது. எம் மக செஞ்ச பெட்டி தப்பாது'ன்னாரு. அப்ப வெயில் மட்டும் ஏன் இப்படின்னேன். 'சூரியனுக்கும் வயசாயிடுச்சு, தூக்கம் வராம சீக்கிரமே எழுந்துடுது'ன்னு ஒரே சிரிப்பு."

நாற்காலி இன்னும் கடிகாரத்தின் கீழேயே கிடந்தது. ஏறி முள்ளைச் சரிசெய்ய அவளுக்குக் கை எழவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.